நனைக்காமல் வைத்த விரிப்பு

கொடியிலிருந்து ஆறாவது விரிப்பை இழுத்தபோதுதான் பளிச்சக்கா அந்தக் கறையைப் பார்த்தாள். நட்ட நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஆரஞ்சு நிறத்தில் ஒன்று. ஒரு முழம் தள்ளி இன்னொன்று. ஒவ்வொன்றிலும் நடுவில் திட்டு, சுற்றிலும் சிதறல். மருத்துவமனை விரிப்பு அது. காலையில்தான் துவைத்து, நீலம் போட்டு, உதறி, ஒரு சுருக்கம் இல்லாமல் காயப்போட்டிருந்தாள். இருபத்திரண்டு வருடத் தொழிலில் அவள் பார்க்காத கறை கிடையாது. இரத்தம், அயோடின், மை, துரு, கிரீஸ் என்று எதைக் காட்டினாலும் அது என்ன, எத்தனை நாள் ஆனது, எதைப் போட்டால் போகும் என்று நின்ற நிலையில் சொல்லிவிடுவாள். இது அந்தக் கணக்கில் எதிலும் சேரவில்லை. விரலால் தொட்டாள். ஈரமாக, வழவழவென்று ஒட்டியது. முகர்ந்தாள். ஒரு வாசனையும் இல்லை. இந்த வயதில் ஒரு கறையிடம் தோற்றுப் போவதா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவளுக்கு அப்பா வைத்த பெயர் அடையாள அட்டையில் இருக்கிறது. தெருவில் யாருக்கும் தெரியாது. சலவைக்கடைக்குப் 'பளிச்' என்று பெயர் வைத்ததிலிருந்து எல்லோருக்கும் அவள் பளிச்சக்காதான். கீழே கடையும் இரண்டு இயந்திரங்களும். மேலே மொட்டை மாடியில் எட்டு வரிசைக் கொடி. மாடியின் ஒரு கோடியில் படிக்கட்டு வந்து முடிகிற சின்ன அறை. மறு கோடியில் இடுப்பளவுக் கைப்பிடிச் சுவர். சுவருக்கு அப்பால் ஒரு சந்து. சந்துக்கு எதிரே போர்டுக்காரர் குடியிருக்கிற மாடிவீட்டு ஜன்னல்.

படிக்கட்டு அறை வாசலில் நாற்காலி போட்டு அவள் கணவர் உட்கார்ந்திருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். பத்து டன் பெட்டியை முட்டை மேல் வைக்கச் சொன்னால் ஓடு விரியாமல் வைப்பார் என்று கூட வேலை பார்த்தவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் கிரேன் ஏணியில் கால் வழுக்கி விழுந்து, வலது முழங்கால் மடங்காமல் போய், வீட்டோடு வந்துவிட்டார். சும்மா உட்கார்ந்தால் மனுஷன் கெட்டுப்போவான் என்று அவருக்கு ஒரு வேலை கொடுத்திருந்தாள். புறா விரட்டுவது. வெள்ளைத் துணியைக் கண்டால் புறாவுக்கு என்ன வருமோ, சரியாக அதன் மேல் வந்து உட்கார்ந்து எச்சமிட்டுவிட்டுத்தான் போகும். கையில் ஒரு தட்டும் கரண்டியும் கொடுத்து, வந்தால் தட்டுங்கள் என்று சொல்லியிருந்தாள். கொஞ்ச நாள் தட்டினார். பிறகு சத்தம் நின்றுபோனது. புறாக்களும் குறைந்திருந்ததால் அவள் கேட்கவில்லை.

விரிப்பைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் முகத்துக்கு எதிரே பிடித்தாள். யார் வந்தது, என்ன பார்த்தீர்கள் என்று கேட்டாள். அவர் கறையையே கொஞ்ச நேரம் பார்த்தார். கண்ணயர்ந்துவிட்டதாகச் சொன்னார். அப்புறம், அவள் திரும்பப் போகும்போது, தாடையால் எதிர்வீட்டு ஜன்னலைக் காட்டினார்.

"காத்து அந்தப் பக்கத்துலேர்ந்துதான அடிக்குது" என்றார்.

அவ்வளவுதான். அதற்கு மேல் வேண்டியிருக்கவில்லை. வண்ணத்தில் கறை, எதிரே வண்ணத்தோடு பிழைப்பு நடத்துகிற ஆள். இரண்டும் இரண்டும் நாலு என்று பளிச்சக்கா படியிறங்கிவிட்டாள்.

போர்டுக்காரர் ஒண்டிக்கட்டை. கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவார். சந்துக்குக் குடிவந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. 'பளிச்' கடையின் புதுப் பலகையே அவர் எழுதியதுதான். எழுத்து முடிகிற இடத்தில் ஒரு சின்ன மினுக்கம் வைத்திருந்தார். தெருவே நின்று பார்த்தது. அதெல்லாம் அப்போது. இப்போது அவள் போனதில் பாதி தொழில், பாதி சந்தேகம். பெயிண்ட் கறையில் தெரியாமல் தண்ணீர் பட்டால் போச்சு. எந்த வகைப் பெயிண்ட் என்று தெரிந்தால்தான் மண்ணெண்ணெயா, டர்பன்டைனா என்று முடிவு செய்ய முடியும். அதனால் கறையின் சொந்தக்காரரைக் கேட்காமல் துணியைத் தொடக்கூடாது என்பது அவள் கடைச் சட்டம். சொந்தக்காரர் இவர்தான் என்று அவளே தீர்மானித்துக்கொண்டாள். எந்தப் பெயிண்ட்டை எங்கள் பக்கம் உதறினீர்கள் என்றுதான் பேச்சையே ஆரம்பித்தாள்.

அவர் கோபப்படவில்லை. விரிப்பை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கறையைத் தேய்த்துப் பார்த்தார். கொஞ்சம் நாக்கில்கூட வைத்துப் பார்த்தார். விரிப்பின் மடிப்பில் ஒட்டியிருந்த மெல்லிய தோல் மாதிரி ஒன்றை நகத்தால் எடுத்தார்.

"இது பெயிண்டே இல்லக்கா. பெயிண்டுன்னா இந்நேரம் காஞ்சிருக்கும். தண்ணி விட்டுப் பாருங்க, போயிடும்."

பளிச்சக்காவுக்கு அந்த இடத்தில்தான் சுருக்கென்றது. கறையைப் பற்றி அவளுக்கே ஒருத்தர் பாடம் எடுப்பதா? அதுவும் யார்? பார்த்த உடனே இதை நனைத்துவிடு என்று சொல்கிறார் என்றால் என்ன அர்த்தம்? நனைத்தால் கறை பரவி, எது என்னவென்றே தெரியாமல் போகும். பிறகு யாரிடம் போய் எதைக் காட்டுவது? விரிப்பை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு வந்தாள். ஆதாரத்தை அழிக்கப் பார்க்கிறான், என்னையே வைத்து அழிக்கப் பார்க்கிறான் என்று கணவரிடம் சொன்னாள். அவர் தலையாட்டினார். விரிப்பை அப்படியே காயாத கறையோடு மடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, பீரோவில் வைத்துப் பூட்டினாள். மருத்துவமனைக்குப் புது விரிப்பு ஒன்று வாங்கிக் கணக்கைச் சரிக்கட்டினாள். வாழ்நாளெல்லாம் அழுக்கை நனைத்தே பழகியவள் ஒரு விரிப்பை மட்டும் நனையாமல் காப்பாற்றி வைத்திருந்தாள்.

அதன் பிறகு அவளுக்கு மாடிக்குப் போகும்போதெல்லாம் கண் எதிர் ஜன்னலிலேயே இருந்தது. திறந்திருந்தால் ஏன் திறந்திருக்கிறது, மூடியிருந்தால் என்ன செய்கிறான் உள்ளே. அவர் கடைப்பக்கம் வந்து வணக்கம் வைத்தாலும் அதில் ஏதோ இருப்பதாகத் தோன்றியது. ஒரு நாள் சந்தில் குனிந்து எதையோ பொறுக்கினார். என்ன பொறுக்கினார்? பிரஷ்ஷாகவும் இருக்கலாம், இருக்காமலும் போகலாம். வாடிக்கையாளர்களிடம் ஜாடைமாடையாகச் சொல்லி வைத்தாள். அவர்களும் சும்மா இருப்பார்களா, தங்கள் பங்குக்கு ஆளுக்கொன்று சேர்த்தார்கள். தனியாக இருக்கிற ஆம்பளை என்பதே போதுமானதாக இருந்தது.

அடுத்த வாரம் ஒரு பட்டப்பகலில் அது நடந்தது. வாயில் இரண்டு கிளிப்பைக் கவ்விக்கொண்டு, கடைசிக் கொடியில் தலையணை உறைகளை மாட்டிக்கொண்டிருந்தாள். வழக்கம்போல் பார்வை எதிர் ஜன்னலில். ஜன்னல் திறந்திருந்தது, உள்ளே ஏணி ஒன்று சாய்ந்திருந்தது, ஆள் இல்லை. திடீரென்று இடது தோள்பட்டையில், பிடரிக்குக் கொஞ்சம் கீழே, யாரோ கல்லை விட்டெறிந்த மாதிரி ஓர் அடி. கிளிப் இரண்டும் கீழே விழுந்தன. ஐயோ என்று கத்தக்கூட மூச்சு வரவில்லை. சுழன்று திரும்பியதில் கால் இடறிக் கூடையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். தோளைத் தொட்ட கை ஆரஞ்சாக வந்தது.

கணவர்தான் ஓடி வந்தார். மடங்காத காலை இழுத்துக்கொண்டு அவர் அப்படி ஓடி அவள் பார்த்ததே இல்லை. அவளைத் தாங்கிப் பிடித்துக் கீழே கூட்டிவந்து படுக்கவைத்தார். வெந்நீரில் துணியைப் பிழிந்து ஒத்தடம் கொடுத்தார். அரை மணி நேரத்தில் தோளில் கோழிமுட்டை அளவுக்குக் கருநீலமாகக் கன்றிவிட்டது. ஒவ்வொரு முறை ஒத்தும்போதும் வலிக்குதா, வலிக்குதா என்று கேட்டார். கேட்டுக்கொண்டே அழுதார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் அழுது பார்த்தது அப்போதுதான். வலியையும் மீறி அவளுக்கு உள்ளே எங்கேயோ குளிர்ந்தது. இந்த மனுஷனுக்கு நம் மேல் இவ்வளவு இருக்கிறதா என்று நினைத்தாள்.

எழுந்து பார்த்தால் ரவிக்கையைக் காணோம். அவரே துவைத்துப் போட்டிருந்தார். ஆதாரம் போச்சே என்று தலையில் அடித்துக்கொண்டாள். நீ கஷ்டப்படக் கூடாதென்று நானே தேய்த்தேன், லேசில் போகவில்லை, கைதான் நொந்துபோயிற்று என்றார். வீட்டில் ஒரு கைக்குட்டையைக்கூட அலசிப் போடாத ஆள். ஆனால் அன்றிலிருந்து தன் பேண்ட்டையும் சட்டையையும் அவரே துவைத்துக்கொள்ள ஆரம்பித்தார். திருந்திவிட்டார் என்று அவள் மகிழ்ந்துபோனாள்.

மருத்துவமனைக்குத் துணி கொடுக்கப் போனபோது தலைமை நர்ஸிடம் தோளைக் காட்டினாள். அந்த அம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, இது இன்னும் ஒரு சாண் மேலே, முகத்துப் பக்கம் பட்டிருந்தால் கண் போயிருக்கும் என்று அமைதியாகச் சொன்னார். அந்த அமைதிதான் பளிச்சக்காவைப் பயமுறுத்தியது. கண் இல்லாமல் கறையை எப்படிப் பார்ப்பது? நேராகக் காவல் நிலையத்துக்குப் போய்விட்டாள்.

நிலையத்து ரைட்டர் விரிப்பைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். அவருக்குத் தெரிந்திருந்தது. இது பெயிண்ட் பால் என்கிற சாயக் குண்டு, ஊருக்கு வெளியே மைதானம் எடுத்து ஆபீஸ்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து இதைத் துப்பாக்கி மாதிரி ஒன்றில் போட்டுச் சுட்டு விளையாடுவார்கள், ஆனால் முகமூடி போடாமல் உள்ளேயே விடமாட்டார்கள் என்று விளக்கினார். அப்படியென்றால் அதை வீட்டுக்குப் பக்கத்தில் வைத்துச் சுடலாமா, அதற்குச் சட்டம் இருக்கிறதா இல்லையா என்று அவள் கேட்டாள். அதில்தான் அவர் மாட்டிக்கொண்டார். துப்பாக்கி என்றால் உரிமம் வேண்டும்; ஆனால் இது துப்பாக்கியா? பொம்மை என்றால் யாரும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் பொம்மை இப்படிக் கன்றவைக்குமா? பக்கத்து மேசைக்காரரைக் கேட்டார். அவர் இன்னொருவரைக் கேட்டார். ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துப் புரட்டி, தூசி பறக்க மூடிவைத்தார்.

"சொந்த இடத்துக்குள்ள சுட்டுக்கிட்டா அது அவங்க பாடும்மா. சுவரைத் தாண்டி அடுத்தவங்க இடத்துக்கு வந்தாலோ, சம்மதிக்காத ஆளு மேல பட்டாலோ கேஸ்தான். அப்படித்தான் நினைக்கிறேன்."

சுவரைத் தாண்டி வந்ததா என்று கேட்டார். தாண்டித்தான் வந்தது என்றாள். யார் என்று தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றாள். அடிபட்டதும் திரும்பிப் பார்த்தேன், அவன் ஜன்னல் திறந்திருந்தது என்று சொன்னாள். நர்ஸிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தாள், வாடிக்கையாளர்களிடமும் அப்படித்தான். சொல்லிச் சொல்லி அது அப்படியே ஆகிவிட்டிருந்தது.

மறுநாள் போர்டுக்காரரைக் கூட்டிப்போனார்கள். காலையிலிருந்து மாலை வரை பெஞ்சில் உட்காரவைத்தார்கள். வீட்டைச் சோதனை போட்டதில் பிரஷ்ஷும் டப்பாவும் பாதி எழுதிய ஒரு பலகையும்தான் இருந்தன, துப்பாக்கி இல்லை. விட்டுவிட்டார்கள். ஆனால் காவல் நிலையம் விட்டாலும் வீட்டுக்காரம்மா விடுவாரா? போலீஸ் படியேறிய வீடு என்று நாளைக்கு யார் குடிவருவார்கள், மாசக் கடைசிக்குள் காலி பண்ணிவிடு என்று வாசலில் நின்றே சொல்லிவிட்டார். சந்து முழுக்கக் கேட்டது. பளிச்சக்கா மாடியில் நின்று கேட்டாள். மனசுக்குள் ஒரு நியாயம் கிடைத்த திருப்தி இருந்தது என்பதை மறைப்பானேன், இருந்தது. அன்று சாயங்காலம் போர்டுக்காரர் கடைக்கு வந்து, சலவைக்குப் போட்டிருந்த இரண்டு சட்டைகளை வாங்கிக்கொண்டார். காசை எண்ணி வைத்தார். போகும்போது, தான் எழுதிய பலகையை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தார்.

மாசக் கடைசியும் வந்தது. அன்றைக்குக் கணவருக்கு முழங்கால் பயிற்சி நாள். அவசரத்தில் புறப்பட்டுப் போனவர், பழைய பேண்ட்டைக் குளியலறைக் கொக்கியிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். பாவம், வந்து எதற்கு அவர் துவைக்கவேண்டும் என்று அவள் எடுத்தாள். எடுத்ததும் அவளைக் கேட்காமலே கை பாக்கெட்டுக்குள் போயிற்று. அது தொழில் பழக்கம். எந்தத் துணியும் பாக்கெட் பார்க்காமல் தண்ணீருக்குள் போகாது. பேனா, சீட்டு, சாவி, காதல் கடிதம் என்று ஊர் இரகசியம் பாதி அந்தக் கைக்குத் தெரியும். வலது பாக்கெட்டின் அடியில் உருண்டையாக, மெத்தென்று ஒன்று அகப்பட்டது.

முதலில் அவள் அதை மாத்திரை என்றுதான் நினைத்தாள். கோலிக்குண்டு அளவில், வழவழவென்ற உறையோடு, மருத்துவமனையில் கொடுக்கிற எண்ணெய் மாத்திரை மாதிரியே இருந்தது. இவ்வளவு பெரிய மாத்திரை எதற்கு, காலுக்கா, இல்லை நமக்குச் சொல்லாத வேறு ஏதாவது நோயா என்று பயம் வந்தது. வெளிச்சத்துக்கு எடுத்துப் போனாள். பயத்தில் விரல் கொஞ்சம் இறுகிவிட்டது. உறை படக்கென்று உடைந்தது. உள்ளங்கை முழுக்க ஆரஞ்சு.

அதே கையோடு மாடிக்குப் போனாள். படிக்கட்டு அறையில், ஓடாத பழைய இயந்திரத்தின் பின்னால், சோப்புத்தூள் மூட்டைகளுக்கு அடியில் அது இருந்தது. கறுப்பு நிறத்தில், மேலே குண்டு போடும் குப்பியோடு. அவள் கடையின் கிழிந்த விரிப்பு ஒன்றிலேயே சுற்றி வைத்திருந்தார். கைப்பிடிச் சுவரை உள்பக்கமாகக் குனிந்து பார்த்தாள். துடைத்தும் போகாத மங்கலான வட்டங்கள், ஏழெட்டு இருக்கும். எல்லாமே உள்பக்கம். சுவரின் மேல்விளிம்பில்கூட ஒன்று இல்லை. ஒரு குண்டுகூடச் சுவரைத் தாண்டவில்லை.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். வரிசையாகக் கொடிகள் தெரிந்தன. கடைசிக் கொடி தெரிந்தது. அதற்கு நேர் பின்னால் எதிர்வீட்டு ஜன்னல். அங்கேதான் அன்றைக்கு அவள் நின்றாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே முதுகுப் பக்கம் அடிபட்டது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சின்னக் குழந்தைகூடச் சொல்லும், குண்டு எந்தப் பக்கத்திலிருந்து வந்ததென்று. அவள்தான் சொல்லவில்லை. போலீஸிடம்கூட மாற்றிச் சொல்லியிருந்தாள். தோளில் மஞ்சளாக ஆறிக்கொண்டிருந்த இடம் மறுபடி விண்ணென்று தெறித்தது.

வேறொன்றும் ஞாபகம் வந்தது. அந்தக் கறைக்குப் பத்து நாள் முன்னால் போர்டுக்காரர் புதுப் பலகையைக் கொண்டுவந்து மாட்டியபோது, மாடியிலிருந்து தட்டுச் சத்தம் கேட்டது. யாரக்கா அது என்று அவர் கேட்டார். கிரேன் ஓட்டினவரு இப்ப புறா ஓட்டறாரு என்று அவள் சொன்னாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். போர்டுக்காரர் சிரித்தார், அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு மாடியில் சத்தம் நின்றுபோனது. அன்றைக்கு நின்ற சத்தம்தான். அதற்குப் பிறகு அவர் தட்டைத் தொடவே இல்லை.

மதியம் அவர் திரும்பி வந்தபோது கதவருகிலேயே நின்றிருந்தாள். கையைக் கழுவியிருக்கவில்லை. விரித்துக் காட்டினாள். அவர் பார்த்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். மறுக்கவில்லை, அந்த மட்டுக்கும் நல்லது. துறைமுகத்தில் கூட வேலை பார்த்தவன் அந்த மைதானத்தில் காவலுக்கு இருக்கிறான், பழையதென்று ஒன்றைக் கொடுத்தான், தட்டுத் தட்டினால் தெருவே வேடிக்கை பார்க்கிறது, இதென்றால் பெரிய சத்தமில்லாமல் ஒரு ஓரமாகச் சுட்டால் புறா பறந்துவிடும், முதல் நாளே சொல்லியிருப்பேன், அதற்குள் நீ விரிப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சொன்னதெல்லாம் நம்பும்படியாகத்தான் இருந்தது. தாடையால் ஜன்னலைக் காட்டியதை மட்டும் சொல்லவில்லை.

"அன்னைக்கு எதைக் குறி வச்சீங்க?"

"புறாவைத்தான்."

"எங்க உக்காந்திருந்துச்சு?"

அவர் கை முழங்காலுக்குப் போயிற்று. கொடியில் என்று சொல்லியிருக்கலாம். சுவரில் என்று சொல்லியிருக்கலாம். எதைச் சொன்னாலும் அவள் நம்பியிருப்பாள். நம்பத் தயாராகத்தான் நின்றாள். முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தார். பத்து டன்னை முட்டை மேல் வைக்கிற கை அது. வெளியே சந்தில் வண்டி ஒன்று பின்னோக்கி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. போர்டுக்காரரின் சாமானை ஏற்ற வந்த வண்டி. அவரும் அதைக் கேட்டார். பிறகு ரொம்பத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அவர்தான் போறாரே. இனிமே எதுக்கு அந்த விரிப்பு? தண்ணி விட்டுடு, போயிடும்."

பளிச்சக்கா அவரைப் பார்த்தாள். ஒரு மாதத்துக்கு முன்னால் எதிர்வீட்டு வாசலில் கேட்ட அதே வார்த்தை. ஆதாரத்தை அழிக்கிற வார்த்தை என்று அன்றைக்குத் தப்பான வாயில் கேட்டுவிட்டாள். இன்றைக்குச் சரியான வாயில் கேட்டாள். அவளுக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது, எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. பீரோவைத் திறந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். குழாயடியில் ஒரு சொம்பு தண்ணீர் பிடித்தாள். நனைக்கத்தான் போகிறாள் என்று நினைத்து அவர் பெருமூச்சு விட்டார். அவள் சொம்போடு வாசலைத் தாண்டிப் போய்விட்டாள்.

சந்தில் ஏணிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். டப்பாக்கள் ஒரு பெட்டியில். பாதி எழுதிய பலகை வண்டியின் மேல் கட்டியிருந்தது. வீட்டுக்காரம்மா சாவிக்காகப் படியில் நின்றிருந்தார். அக்கம்பக்கத்தார் நாலைந்து பேர், போகிறவரைப் பார்க்க வந்தவர்கள். அதில் இரண்டு பேர் அவளுடைய வாடிக்கையாளர்கள். அவள் விரிப்போடு வருவதைப் பார்த்ததும் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். இன்னும் என்ன பாக்கி இருக்கிறது என்பதுபோல் போர்டுக்காரர் கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்தார்.

அவள் விரிப்பை உதறி, வண்டியின் பின்பலகை மேல் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தொங்கவிட்டாள். ஒரு கறையின் மேல் சொம்பைச் சாய்த்தாள். தேய்க்கவில்லை, சோப்பு போடவில்லை. பச்சைத் தண்ணீர். ஆரஞ்சு கரைந்து, வழிந்து, விரிப்பின் ஓரத்திலிருந்து சொட்டி, அவள் கால்விரல்களுக்கு நடுவே ஓடிச் சாக்கடைப் பக்கம் போயிற்று. ஒரு மாதம் கிடந்ததால் துளி மங்கல் மட்டும் நின்றது. அதுவும் அவள் கண்ணுக்குத்தான் தெரியும். இரண்டாவது கறை பக்கத்திலேயே அப்படியே இருந்தது. சொம்பில் பாதித் தண்ணீர் மிச்சமிருந்தது. அவள் ஊற்றவில்லை.

"நீங்க அன்னைக்கே சொன்னீங்க. உங்க மேல தப்பே இல்ல" என்றாள் போர்டுக்காரரிடம். அவர் வெளுத்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்காரம்மாதான் கேட்டார், சாவியை விரலில் சுற்றிக்கொண்டே.

"அப்ப சுட்டது யாரு?"

பளிச்சக்கா வாயைத் திறந்தாள். அப்போது மேலே டங் என்று ஒரு சத்தம். பிறகு டங், டங், டங் என்று நிற்காமல். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். அவள் வீட்டு மொட்டை மாடியில், கைப்பிடிச் சுவரை ஒட்டி, அவள் கணவர் ஒரு கையில் தட்டும் மறு கையில் கரண்டியுமாக நின்று தட்டிக்கொண்டிருந்தார். யாரையும் பார்க்கவில்லை. அன்றைக்குக் கொடியில் ஒரு துணி இல்லை. வானத்தில் எங்கும் ஒரு புறா இல்லை. அவர் பாட்டுக்குத் தட்டிக்கொண்டே இருந்தார். வீட்டுக்காரம்மாவின் கண் மாடியிலிருந்து இறங்கி, பளிச்சக்காவின் வலது கைக்கு வந்தது. உள்ளங்கையில் ஆரஞ்சு இன்னும் ஈரமாக இருந்தது. அவள் கையை மூடவில்லை.